அலுங்காத வண்டி

"நைனா, பெரியப்பா வண்டியில ஏறுனா மட்டும் ஏன் எல்லாரும் தூங்கிப் போயிடறாங்க?"

சந்திரகலா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. திருவண்ணாமலை பேகோபுரத் தெருவில், வீட்டு வாசலில், அவள் அப்பா தருமன் தன் அம்பாசிடர் டாக்சியின் முன்கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கேள்வி காதில் விழுந்ததும் துணி ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

"அந்த ஆளு வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு. வேற இன்னா பண்ணுவாங்க? தூங்கத்தான் செய்வாங்க" என்றான்.

"நானும் தூங்கிட்டேன் நைனா. படவேடு போறப்ப ஏறுனேன், கோயில்கிட்டதான் முழிச்சேன். உன் வண்டியில எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது."

குழந்தை சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டது. தருமனுக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை.

பெரியப்பா என்று அவள் சொன்னது சகாதேவனை. தருமனின் மனைவி வேதாவும் சகாதேவனின் மனைவி பச்சையம்மாளும் அடி அண்ணாமலையில் பிறந்த அக்கா தங்கைகள். சகலைகள் இருவரும் ஒரே தெருவின் இரண்டு கோடிகளில் குடியிருந்தார்கள். ஒரே வருஷத்தில், ஒரே தரகரிடம், மதராசில் ஓடி ஓய்ந்த இரண்டு அம்பாசிடர் கார்களை வாங்கி வந்தார்கள். சகாதேவனுடையது வெள்ளை, தருமனுடையது சாம்பல். அதைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. புது வண்டி பழைய வண்டி என்று இருந்திருந்தால் தருமன் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பான். ஒரே வண்டி. ஒரே ரோடு. அப்படியும் தேரடி டாக்சி ஸ்டாண்டில் ஆட்கள் வந்து இறங்கினால், "சகாதேவன் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் இவனைப் பார்த்தார்கள்.

சகாதேவன் அதிகம் பேசாதவர். பள்ளம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைப்பார். வந்து சேர்ந்த பிறகும் பின்சீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப மாட்டார். கதவைத் திறந்து வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களாக விழித்துக்கொண்டு, வெட்கத்தோடு இறங்குவார்கள். அடுத்த முறை அவரையே தேடுவார்கள்.

தருமனும் கெட்டவன் அல்ல. கிழவிகளின் மூட்டையைத் தானே இறக்கி வைப்பான். ஆனால் சகாதேவன் என்ற பெயர் காதில் விழுந்தால் அவனுக்குள் ஏதோ ஒன்று புளித்துவிடும். அவர் வண்டி திரும்பி வரும்போது பின்சீட்டைத்தான் முதலில் பார்ப்பான். தலைகள் சாய்ந்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. மகள் கேட்ட பிறகு அது இன்னும் அதிகமாயிற்று. ஊரார் யார் வண்டியில் தூங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம். தான் பெற்ற பெண் போய் அங்கே தூங்கியிருக்கிறாள்.

அது பெட்ரோல் விலை ஏறிய வருஷம். மார்கழி மாதம், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த ராஜமாணிக்கம் ஸ்டாண்டுக்கு வந்தார். அறுவடை தொடங்கினால் சித்திரை முடிகிற வரைக்கும் அவருக்குத் தினம் கார் வேண்டும். கீழ்பென்னாத்தூர், அவலூர்பேட்டை, வேட்டவலம் என்று காடு காடாகப் போய்ச் செடியைப் பிடுங்கிப் பார்த்து விலை பேசுவார். வழக்கமாகச் சகாதேவன்தான் போவார்.

"இந்த வருஷம் ஒண்ணு சொல்றேன்" என்றார் ராஜமாணிக்கம். "பெட்ரோலு நான்தான் ஊத்தறேன். யாரு வண்டி அதே பெட்ரோல்ல ஜாஸ்தி தூரம் போவுதோ, அந்த வண்டிக்குத்தான் மண்டி வேல. பொங்கலு கழிச்சி ரெண்டு வண்டியிலயும் ஒரே அளவு பெட்ரோல பாட்டில்ல ஊத்திக் கட்டி, எது எங்க நிக்குதுன்னு பாத்துடலாம். சகாதேவா, உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லியே?"

"நியாயந்தானுங்களே மொதலாளி" என்றார் சகாதேவன்.

தருமன் அன்றே செங்கம் ரோட்டில் இருந்த ஆதிமூலத்தின் பட்டறைக்குப் போனான். ஆதிமூலம் எப்போதோ சோழவரத்துக்குப் போய் கார் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவன். அதை இன்னும் சொல்லித் தீரவில்லை.

"எடையக் கம்மி பண்ணுண்ணா. அவ்ளோதான் சூட்சுமம். பந்தயத்துல ஓட்றானே, அவன் வண்டிக்குள்ள இன்னா இருக்குதுன்ற? ஒரு சீட்டு, ஒரு ஸ்டேரிங்கு. கதவுக்குள்ள ஒட்டியிருக்கிற தாரு அட்ட, தரையில ஒட்டியிருக்கிற தாரு அட்ட, அதும்மேல போட்டிருக்கிற கம்பளி, எல்லாத்தையும் பிச்சி எறிஞ்சிடுவான்."

"அப்ப அத கம்பெனில எதுக்குதான் ஒட்டறானுங்க?"

"தகரம் அதிரும் இல்ல? இஞ்சினு ஓட ஓட வண்டி பூரா தகரம் ஆடும். அத அடக்கறதுக்குத் தார ஒட்டி வெக்கறான். சத்தம் வராது, சூடு ஏறாது. சொகுசுக்குண்ணா. உனக்குச் சொகுசு வோணுமா, மண்டி வோணுமா?"

தருமன் யோசிக்கவே இல்லை.

வேலையை மத்தியானத்தில் ஆரம்பித்ததுதான் தப்பு. சீட்டுகளைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு உளியை வைத்து நெம்பினால், வெயிலில் இளகிய தார் வராமல் இழுபட்டது. கையில், முழங்காலில், தலைமுடியில் எல்லாம் ஒட்டியது. வேதா மண்ணெண்ணெய்ப் புட்டியோடு வந்து அவன் முழங்கையைத் தேய்த்துவிட்டாள்.

"நல்லா இருக்கிற வண்டிய ஏன் இப்பிடிக் கொதறி வெக்கறீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. போயி களியக் கெளறு."

"களியக் கெளறிட்டுத்தான் வந்தேன். எங்க அக்கா ஊட்டு மாமா இதெல்லாம் பண்றாரா?"

"ஆரம்பிச்சிட்டியா! உங்க மாமா, உங்க மாமா. போயி அவரு ஊட்லயே களி கெளறு!"

வேதா புட்டியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியற்காலையில் மலை பனிக்குள் இருந்தது. கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு கேட்டது. தருமன் சும்மா ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். குளிரில் விறைத்திருந்த தார் அட்டை கமர்கட்டு மாதிரி படீரென்று உடைந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு தினமும் பனியில் எழுந்து, வாயில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தட்டித் தட்டிப் பெயர்த்தான். தரை முடிந்தது. நாலு கதவும் முடிந்தன. இஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருந்த தட்டியில் ஒட்டியிருந்ததையும் சுரண்டி எடுத்தான். உள்ளே வெறும் தகரம் பளபளத்தது. எல்லாவற்றையும் ஒரு கோணியில் கட்டித் தூக்கிப் பார்த்த ஆதிமூலம் உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னாண்ணா, இவ்ளோதானா? இது மண்டிக்காரரு தொப்ப எடகூட வராது போல இருக்குதே."

ஆனாலும் தை பிறந்து பாட்டில் கட்டிப் பார்த்த அன்று தருமன் ஜெயித்தான். அவலூர்பேட்டை ரோட்டில் சகாதேவன் வண்டி நின்ற இடத்தைத் தாண்டி, இவன் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் உருண்டுபோய், ஒரு புளியமரத்தடியில் மூச்சுவிட்டு நின்றது. ராஜமாணிக்கம் இவன் முதுகில் தட்டினார்.

சகாதேவன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்தார். "நல்லா ஓட்டு தருமா. மண்டிக்காரருக்கு வளைவுல வேகமாப் போனா தல சுத்தும். சாப்பிட்டதும் வெத்தல போடுவாரு, அப்ப ஒரு நிமிஷம் நிறுத்திடு. மத்தபடி தங்கமான மனுஷன்."

அந்த முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று தருமன் தேடித் தேடிப் பார்த்தான். இல்லை. ஜெயித்தும் ருசிக்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

மண்டி வேலை தொடங்கியது. இரண்டாம் நாளே ராஜமாணிக்கம் காதைப் பொத்திக்கொண்டார். வண்டி கிளம்பினால் டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். கதவு ஒரு பக்கம் கிடுகிடுத்தது, தரை ஒரு பக்கம். மாசி வெயிலில் இஞ்சின் சூடு நேராகக் காலுக்கு வந்தது. மண்டிக்காரர் செருப்பைக் கழற்றமுடியாமல், காலையும் கீழே வைக்கமுடியாமல், சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். தருமன் கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி இருப்பான். சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்குக் கண் சொக்கும், தலை சாயும், உடனே கதவுக் கண்ணாடியில் இடித்துக்கொண்டு நிமிர்ந்துவிடுவார். ஒருநாளாவது தூங்கமாட்டாரா என்று தருமன் அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டான். அப்படி ஒரு வேண்டுதல் அந்தச் சாமிக்கு அதற்குமுன் வந்திருக்காது.

ராஜமாணிக்கத்தின் வியாபாரத்தில் ஒரு முறை உண்டு. வெள்ளாமைக்காரரை முன்சீட்டில் மரியாதையாக உட்காரவைத்துக் காட்டுக்கு அழைத்துப் போவார். தரகர் அப்பாதுரையும் அவரும் பின்சீட்டில் இருந்துகொண்டு, எதுவரைக்கும் விலை ஏறலாம் என்று போகும்போதே காதோடு காதாகப் பேசி முடித்துக்கொள்வார்கள். காட்டில் இறங்கிப் பேரம் பேசும்போது அப்பாதுரை அந்தக் கணக்கில் நிற்பார்.

அன்று முன்சீட்டில் கோதண்டராமன் என்ற பெரிய வெள்ளாமைக்காரர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அவருக்கு நல்ல காடு. வண்டி போட்ட இரைச்சலில் காதோடு காதாகப் பேசியது அப்பாதுரைக்கு விளங்கவில்லை.

"இன்னா சொன்னீங்க?"

ராஜமாணிக்கம் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"கேக்கலீங்க!"

ராஜமாணிக்கம் கத்தினார். அதே நேரம் ரயில்வே கேட் மூடியிருக்கவே தருமன் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தான். சட்டென்று வந்த அமைதியில் மண்டிக்காரரின் குரல் கணீரென்று ஒலித்தது.

"மூட்டைக்கு இன்னும் இருவது ரூபா ஏறுனாக்கூட உட்டுடாத, முடிச்சிடுன்னு சொல்றேன்யா!"

கேட்டில் நின்றிருந்த மாட்டுவண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். கோதண்டராமன் மெதுவாகப் பின்னால் திரும்பினார். வாயெல்லாம் பல்.

"அதுக்கு எதுக்குங்க வெயில்ல காடு வரைக்கும்? அந்த இருவதோட இங்கியே முடிச்சிக்கலாமே."

மறுநாளிலிருந்து மண்டி வேலை பழையபடி சகாதேவனுக்குப் போயிற்று.

தருமன் அதைத் தன் வண்டியின் குறை என்று எடுத்துக்கொள்ளவில்லை. "அந்த ஆளுதான் போயி மண்டிக்காரரு காதுல ஊதியிருப்பாரு. ஊமையாட்டம் இருந்துக்கினு எல்லாம் செய்வாரு" என்று வீட்டில் குதித்தான். இனிமேல் வேதா அக்கா வீட்டுக்குப் போகக்கூடாது. குழந்தை பெரியப்பா வண்டியைத் தொடக்கூடாது. தெருவில் பச்சையம்மாள் எதிரில் வந்தால்கூடப் பேசக்கூடாது.

வேதா அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஒரு தாயி வயித்துப் பொண்ணுங்க நாங்க. ஒரே தெருவுல இருந்துக்கினு எப்பிடிங்க மூஞ்சத் திருப்பிக்கினு போறது? அவங்க உங்கள இன்னா பண்ணிட்டாங்க?"

"என்ன இன்னாவா பண்ணணும்? எங்க போனாலும் முன்னாடி வந்து நிக்கறாரே, அது போதாதா?"

"அவரு நிக்கற எடத்துல நிக்கறாரு. நீங்கதான் அவரு பின்னாடியே போயிப் போயிப் பாக்கறீங்க."

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. வேதா கணவன் சொல்லைத் தட்டவும் இல்லை. அக்கா வீட்டுப் பக்கம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதை நிறுத்திக்கொண்டாள். பச்சையம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்தால் கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்து வீட்டு ஜோதியம்மாளிடம் கொடுத்தனுப்புவாள். கிண்ணம் கழுவித் திரும்பிப் போகும். அதில் வேதா வறுத்த மல்லாட்டை இருக்கும். தருமனுக்கு இது தெரியும். தெரியாததுபோல இருந்தான். குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டான்.

பங்குனி கடைசியில் அது நடந்தது. மூட்டை ஏற்றிப்போன மாட்டுவண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு போன பிள்ளைகளில் சந்திரகலாவும் ஒருத்தி. வண்டி திரும்பியபோது கை நழுவிக் கல்லின் மேல் விழுந்தாள். வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஊர் டாக்டர் பலகை வைத்துக் கட்டினார். தெரு கூடிவிட்டது. எலும்பு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரே ஊர்தான் ஞாபகம் வரும். ஆந்திராவில் புத்தூர். அங்கே பச்சிலையும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டினால் எலும்பு கூடிவிடும் என்று பெரிய நம்பிக்கை.

"மாமாவக் கூப்பிடலாம்" என்றாள் வேதா. "அவரு வண்டியில போனா அலுங்காது."

"ஏன், என் பொண்ணக் கூட்டிப் போறதுக்கு எங்கிட்ட வண்டி இல்லியா?"

பின்சீட்டில் மெத்தையை விரித்து, வேதாவின் மடியில் குழந்தையின் தலையை வைத்து, போளூர் ரோட்டில் புறப்பட்டான். ஊரைத் தாண்டுவதற்கு முன்பே குழந்தை அழத் தொடங்கிவிட்டது. மெத்தை போட்டிருந்தும் தகரத்தின் அதிர்வு அதன் வழியே ஏறி எலும்புக்குப் போயிற்று. மெதுவாகப் போனால் வண்டி வேறு விதமாக உதறியது. வேகமாகப் போனால் கிடுகிடுத்தது. எந்த வேகத்திலும் அந்தப் பிள்ளைக்கு இரக்கம் கிடைக்கவில்லை.

"நைனா, நிறுத்து நைனா... வேணாம் நைனா..."

கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிற்று. பிறகு ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு முனகல் மட்டும் வந்தது. தருமன் தானே உளி வைத்துப் பெயர்த்த ஒவ்வொரு துண்டும் அவனுக்கு ஞாபகம் வந்தது. நாயுடுமங்கலத்துக்கு முன்னால் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்ற சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. கதவருகில் ஒரு நிழல் விழுந்தபோதுதான் தலையைத் தூக்கினான். சகாதேவன். பின்னால் பச்சையம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்தாள்.

"நீங்க எப்பிடி..."

"நான் வரட்டான்னு கேட்டா நீ வேணாம்னுதான் சொல்லுவ. அதான் கேக்கல. ஊர்லருந்து பின்னாடியேதான் வரேன்" என்றார் சகாதேவன். "மொதல்ல கொழந்தையத் தூக்கு. பலகையோட தூக்கு, கால மடக்காத."

நான்கு பேரும் சேர்ந்து மெத்தையோடு தூக்கி அந்த வண்டிக்கு மாற்றினார்கள். சகாதேவன் சாவியை நீட்டினார்.

"நீ ஓட்டு."

"நானா? உங்க வண்டியவா?"

"உன் கொழந்த. நீ ஓட்டுனாத்தான் அதுக்குத் தைரியம். பச்சையம்மா கூட வரட்டும். உன் வண்டிய நான் ஊருக்குக் கொண்டுபோயிச் சேக்கறேன். மண்டிக்காரரு காத்துக்கினு இருப்பாரு, அவருக்கும் சொல்லணும்."

தருமன் சாவியை வாங்கிக்கொண்டு வெள்ளை வண்டியின் கதவைத் திறந்தான். அதற்குள் அவர் போய்ச் சாம்பல் வண்டியில் உட்கார்ந்து, அந்த இரைச்சலைக் கிளப்பிக்கொண்டு திரும்பிவிட்டார்.

வெள்ளை வண்டி தண்ணீரில் போவதுபோலப் போயிற்று. போளூர் வருவதற்குள் முனகல் நின்றது. தருமன் பயந்து திரும்பிப் பார்த்தான். சந்திரகலா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேசாமல் ஓட்டு என்று கையைக் காட்டினாள்.

"எப்பிடி அண்ணி?" என்றான் தருமன். "ரெண்டும் ஒரே வண்டிதானே? ஒரே கம்பெனி, ஒரே வருசம். தாரு அட்ட இருந்தப்பகூட என்னுது இப்பிடிப் போனதில்ல."

முன்சீட்டில் இருந்த பச்சையம்மாள் காலடியைக் காட்டினாள். "இதுக்குக் கீழ என் பொடவதான் கெடக்குது. பழசானா எனக்குத் துடைக்கற துணிகூட மிஞ்சாது. மடிச்சி மடிச்சி விரிப்புக்குக் கீழ, சீட்டுக்குக் கீழன்னு போட்டு வெச்சிக்குவாரு. கதவுக்குள்ளகூட எம்பொடவதான். என்னயாட்டம் இந்த ஊர்ல டாக்சியில ஊரு சுத்தற பொம்பள யாருன்னு நானே சிரிச்சிக்குவேன்."

வேதா அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். தருமன் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். தான் எடுத்து எறிந்துகொண்டிருந்த காலத்தில் ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

புத்தூரில் கட்டுப் போட்டார்கள். வழியில் கட்டு காய்ந்தால் நனைப்பதற்கு ஒரு சட்டி நிறையப் பச்சிலைச் சாந்தையும், ஒரு பையில் முட்டைகளையும் கொடுத்தார்கள். தருமன் இரண்டையும் பின்சீட்டுக்குக் கீழே செருகினான். திரும்பி வரும்போது வேலூர் தாண்டி ஓர் எருமை குறுக்கே வந்தது. பிரேக் போட்டான். சட்டி கவிழ்ந்தது, முட்டைகள் உடைந்தன. கண்ணுக்குத் தெரிந்ததை இறங்கித் துடைத்தான். மீதி சீட்டுக்கு அடியில், புடவைகளின் அடிமடிப்புக்குள் இறங்கியதையும் பார்த்தான். வண்டியைக் கொடுக்கும்போது சொல்லவேண்டும் என்று நினைத்தான். கொடுக்கும்போது வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

சித்திரை வெயிலில் அது நாறத் தொடங்கியது.

சகாதேவன் எலி செத்துவிட்டது என்று நினைத்தார். பேனட்டைத் திறந்து தேடினார். டிக்கியைக் காலி செய்தார். ஆதிமூலம் வந்து முன்பக்கத்தையே பிரித்துப் பார்த்தான். சீட்டைத் தூக்கியும் பார்த்தார்கள். மேலே கிடந்த புடவை காய்ந்து சுத்தமாக இருந்தது, பழையபடி மூடிவிட்டார்கள். இரண்டே நாளில் மண்டிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஸ்டாண்டுக்கு வந்தவர்கள் வெள்ளை வண்டியின் கதவைத் திறந்துவிட்டு, "ஐயே!" என்று சாத்தினார்கள். சாத்திவிட்டுத் தருமனிடம் வந்தார்கள். சத்தம் போட்டாலும் பரவாயில்லை, நாற்றம் இல்லையே.

தருமன் சொல்லவில்லை. முதல் நாள் வெட்கத்தால் சொல்லவில்லை. அடுத்தடுத்த நாட்களில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம் அல்ல என்பது அவனுக்கே தெரியும். "சகாதேவன் இல்லீங்களா?" என்று யாரும் கேட்காத அந்தக் காலைகள் அவனுக்குப் பிடித்திருந்தன. மனிதன் நன்றியையும் பொறாமையையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிட முடிகிறது. கடவுள் அதையும் பார்த்துக்கொண்டு பொறுமையாகத்தான் இருக்கிறார்.

சாயந்தரங்களில் சகாதேவன் குழந்தையைப் பார்க்க வருவார். வெள்ளரிப்பிஞ்சோ நுங்கோ கொண்டுவருவார். ஒரு நாள் அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு பையை நீட்டினார்.

"உள்ள வாங்க பெரியப்பா" என்றாள் சந்திரகலா கட்டிலிலிருந்து.

"வேணாம் கண்ணு. வண்டிக்குள்ளயே இருந்து இருந்து எஞ்சட்டையெல்லாம் ஒரே நாத்தம். காயத்தோட படுத்துக்கினு இருக்கிற, உனக்கு ஆவாது. இங்கருந்தே பேசறேன்."

அவர் படியில் உட்கார்ந்து, தூரத்திலிருந்தே அவளுக்கு விடுகதை போட்டார். பேசவே பேசாத மனிதர், அவள் சிரிக்கவேண்டும் என்பதற்காக எங்கிருந்தோ விடுகதைகளைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். தருமன் வீட்டுக்குள் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தான். வெளியே வரமுடியவில்லை.

அமாவாசைக்குச் சகாதேவனும் பச்சையம்மாளும் மேல்மலையனூருக்குப் போனார்கள். குழந்தையின் கால் கூடவேண்டும் என்று பச்சையம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுதலுக்குச் சொந்த வண்டியில் போகமாட்டார்கள், பஸ்ஸில்தான் போவார்கள். போகும்போது சகாதேவன் வெள்ளை வண்டியைத் தருமன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை அவன் கையில் கொடுத்தார்.

"காலையிலதான் வருவோம். பொண்ணுக்கு ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா இதுலயே கூட்டிப் போ. நாத்தந்தான், ஆனா அலுங்காது."

உச்சி வெயில். தெருவில் ஆள் இல்லை. வேதாவும் குழந்தையும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். தருமன் டிரங்குப் பெட்டியைச் சத்தமில்லாமல் திறந்து எதையோ எடுத்துக்கொண்டான். கூடவே அடுப்படியிலிருந்து சீயக்காய்ப் பொட்டலம், எலுமிச்சம்பழம், கொஞ்சம் சாம்பிராணி. வெள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் போனான். ஒரு மல்லாட்டைக் காட்டில் பம்புசெட் தானாக ஓடிக்கொண்டிருந்தது. காட்டுக்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

சீட்டைக் கழற்றி வைத்து, புடவைகளை ஒவ்வொன்றாக உரித்தான். உரிக்க உரிக்க நாற்றம் குமட்டியது. மேலே இருந்தவை நிறம் தெரிந்தன. ஊதா ஒன்று, கிளிப்பச்சை ஒன்று, ஒரு சுங்குடி. கீழே இருந்தவை அப்பளம் மாதிரி காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. தண்ணீர் விழுகிற தொட்டியில் போட்டு ஊறவைத்து, சீயக்காய் தேய்த்து, கல்லில் கும்மினான். பச்சையம்மாள் கட்டிக்கொண்டு நடந்த புடவைகள். அவள் தங்கையின் கல்யாணத்தில், அதாவது தன் கல்யாணத்தில், அந்த ஊதாவைக் கட்டிக்கொண்டு பந்தலில் ஓடியாடியது அவனுக்கு மங்கலாக நினைவு வந்தது. வண்டியின் தகரத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். எலுமிச்சம்பழத்தை அறுத்து மூலை முடுக்கெல்லாம் தேய்த்தான். பாறையில் விரித்த துணி அந்த வெயிலில் உடனுக்குடன் காய்ந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த புடவை மட்டும் கையோடு கிழிந்து வந்துவிட்டது. அதைக் குழி தோண்டிப் புதைத்தான். பெட்டியிலிருந்து எடுத்து வந்ததைப் பிரித்தான். மயில்கண் ஜரிகை போட்ட அவன் கல்யாண வேட்டி. அதை நாலாக மடித்து, எட்டாக மடித்து, சுருக்கம் இல்லாமல் நீவி, சீட்டுக்கு அடியிலிருந்து கால் வைக்கிற இடம் வரைக்கும் அடியோடு அடியாக விரித்தான். பின்சீட்டில் உட்காருகிற எவருடைய காலும் அதன் மேல்தான் இருக்கும். அதன் மேல் புடவைகளை இருந்த வரிசையிலேயே அடுக்கினான். சீட்டை மாட்டினான். சாம்பிராணிப் புகையைக் காட்டிக் கதவுகளைச் சாத்திவைத்தான். பிறகு மலையைப் பார்த்துக் கும்பிடலாமா என்று கையைத் தூக்கினான். கையில் இன்னும் நாற்றம் இருந்தது. திரும்பிப்போய்க் கழுவிக்கொண்டு வந்து கும்பிட்டான்.

வண்டியைக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில், பழைய பார்வையாகவே நிறுத்தினான்.

பொறாமை அன்றோடு அவனை விட்டுப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சாவியை ஆணியில் மாட்டும்போதே, நாளையிலிருந்து ஸ்டாண்டில் எல்லாரும் பழையபடி அவரைத்தான் கேட்பார்கள் என்ற நினைப்பு வந்தது. வந்தது, இருந்தது. அதையும் வைத்துக்கொண்டுதான் மாட்டினான்.

மறுநாள் காலையில் சகாதேவன் வந்து வேதாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு, அவளிடம் குங்குமப் பொட்டலத்தைக் கொடுத்தார். தருமன் அப்போது தெருவில் தன் சாம்பல் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, முடுக்கத் தேவையில்லாத ஒரு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். வெள்ளை வண்டியின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு பழக்கமான காலடிகள் அவன் தலைமாட்டில் வந்து நின்றன.

"தருமா, எலி போயிடுச்சி போல இருக்குதே."

"அப்பிடியாண்ணா?" என்றான் தருமன், வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வராமல்.